பாத்தியும் நிலப்பட்டாவும்: பினாங்குத் தமிழரின் வீட்டுக் கீரைத் தோட்டம் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழில் ‘தோட்டம்’ என்னும் சொல் தனிப்பொருள் ஒன்றைப் பெற்றுள்ளது. தமிழகத்தில் அச்சொல்லைக் கேட்பவர் வீட்டைச் சூழ்ந்த மரஞ்செடிகளையோ கிணற்றடி நிலத்தையோ எண்ணுவர். இங்கோ, ‘நான் தோட்டத்தில் பிறந்தவன்’ என ஒருவர் கூறின், அவர் இரப்பர்த் தோட்டத்தையே குறிக்கின்றார் என்பது கேட்பவர்க்கு உடனே விளங்கும். அத்தோட்டம் கம்பெனிக்கு உரியது. அதில் விளைந்த எதுவும் உழைத்தவனுக்கு உரியதன்று. ஆகவே தன் கையால் நட்டுத் தானே பறித்துண்ணும் சிறுநிலத்தைக் குறிக்க மலேசியத் தமிழருக்கு வேறொரு சொல் தேவைப்பட்டது. ‘வீட்டுத் தோட்டம்’, ‘கொல்லை’, ‘கீரைப் பாத்தி’ என அடைமொழியோடும் சிறுசொல்லோடும் அது வழங்கலாயிற்று.

பினாங்குத் தமிழரின் வரலாறு துறைமுகம், வணிகம், கோயில், பள்ளிவாசல், பத்திரிகை, தொழிற்சங்கம் என்னும் வழிகளிலேயே பெரும்பாலும் எழுதப்பட்டுள்ளது. கீரைப் பாத்தி அவ்வரலாற்றில் இடம்பெறவில்லை. இதில் வியப்பில்லை. கீரை ஏற்றுமதியாகும் பண்டமன்று, அதற்கு வரியில்லை, அதனைப் பயிரிட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். இலண்டனில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த ஆண்டுகளில் மலாயாவின் தொழிலாளர் துறை ஆண்டறிக்கைகளைப் புரட்டியபொழுது, கூலி காசளவிலும் இறப்பு ஆயிரத்துக்கு இத்தனை என்ற வீதத்திலும் பதிவாகியிருக்கக் கண்டேன். தொழிலாளியின் வீட்டுப் பின்புறத்தில் முளைத்திருந்தது எது என்பதற்கு ஒரு வரிக்குமேல் இடமில்லை.

ஆவணம் பேசாத இடத்தில் செடியே சான்றாகலாம் என்பது இக்கட்டுரையின் கருத்து. ஒரு குடும்பம் எக்கீரையைப் பயிரிட்டது என்பதனைக் கொண்டு, அக்குடும்பம் தான் நின்ற மண்ணில் எவ்வளவு காலம் நிற்கலாம் என எண்ணியிருந்தது என்பதை ஓரளவு உய்த்துணரலாம். முளைக்கீரை விதைத்த இருபத்தைந்து நாள்களில் பறிப்புக்கு வரும். அடுத்த மாதம் வீடு மாற வேண்டியவனும் அதனை விதைக்கலாம். முருங்கைக் கிளையை ஊன்றியவன் அடுத்த ஆண்டை எண்ணி ஊன்றுகின்றான். கறிவேப்பிலைக் கன்றை வைத்தவன் தன் பிள்ளைகளையும் அங்கேயே காண்கின்றான்.

கதவடைத்து உண்ட உணவு

கடல் கடந்து வந்த தமிழர் கீரையோடு கீரை பற்றிய ஒரு மனப்பாங்கையும் கொண்டு வந்தனர். சங்க இலக்கியத்தில் கீரை வறுமையின் அடையாளம். பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய புறநானூற்றுப் பாடலொன்றில் குப்பைமேட்டில் முளைத்த கீரையை உப்பின்றி வேகவைத்து உண்ணும் மனைவியைக் காண்கின்றோம். நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையிலோ, வேளைக்கீரையை உப்பில்லாமல் சமைத்தவள் பிறர் காணாதபடி கதவை அடைத்துவிட்டே சுற்றத்தாரோடு உண்கின்றாள். பசியினும் நாணம் பெரிதாக நின்ற காட்சி அது.

அந்த நாணம் இருபதாம் நூற்றாண்டிலும் முற்றாக அகன்றதாகத் தோன்றவில்லை. செபராங் பிறையில் ஒரு தோட்டத்தின் லயத்தில் வாழ்ந்த என் பாட்டியார், விருந்தினர் வந்த நாளில் கீரைச் சட்டியை அடுப்படியின் ஓரத்திற்கு நகர்த்திவிடுவார். மீனோ கோழியோ இல்லாத நாளில் கீரை உண்டு. அவை உள்ள நாளில் கீரையைப் பற்றிப் பேச்சில்லை. ஊட்டச்சத்து அறிஞர்கள் கீரையைப் புகழத் தொடங்கிய காலத்தில் அவர் உயிருடன் இல்லை.

துறைமுகத்தில் வந்தவர்கள்

1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கைப்பற்றினார். எட்டாண்டுகள் கழித்து, 1794இல், அவர் கம்பெனிக்கு எழுதிய மடலில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர் பற்றிக் குறிப்பிடுகின்றார். கடைக்காரரும் கூலிகளுமாக ஏறத்தாழ ஆயிரம் பேர் குடியேறியிருந்தனர் என்றும், சிலர் குடும்பத்தோடு இருந்தனர் என்றும், ஆண்டுதோறும் கப்பல்கள் மேலும் ஆயிரத்து முந்நூறு முதல் இரண்டாயிரம் ஆடவரை ஏற்றி வந்தன என்றும் அதிலிருந்து அறிகின்றோம்.

‘சிலர் குடும்பத்தோடு’ என்பதே நம் பொருளுக்கு வேண்டிய குறிப்பு. பருவக்காற்றோடு வந்து பருவக்காற்றோடு திரும்பியவன் கீரை விதைப்பதற்கில்லை. சூலியர் தெருவிலும் கடைத்தெருவிலும் எழுந்த கடைவீடுகள் குறுகி நீண்டவை. முன்புறம் ஐந்தடி நடைபாதை, நடுவில் வானம் பார்த்த சிறுமுற்றம், பின்புறம் சந்து. அம்முற்றத்தில் ஒரு துளசிச் செடிக்கோ வெற்றிலைக் கொடிக்கோ இடமிருந்திருக்கலாம், பாத்திக்கு இடமில்லை. ஆகவே நகரத்துத் தமிழர் தொடக்கம் முதலே கீரையை விலைக்கு வாங்கியவர்கள் எனக் கொள்வதே பொருந்தும். சௌரஸ்தா சந்தையை ஒட்டிய ஒரு சிறு தெருவிற்கு இன்றளவும் ‘ஜாலான் தமிழ்’ என்று பெயர்.

நகருக்கு வெளியே தீவு முழுவதும் சாதிக்காயும் கிராம்பும் மிளகும் பயிராயின. 1860ஆம் ஆண்டினை ஒட்டிச் சாதிக்காய் மரங்களை நோய் தாக்கும்வரை அத்தோட்டங்கள் செழித்திருந்தன. கடலுக்கு அப்பால், அந்நாளில் வெல்லெஸ்லி மாநிலம் எனப்பட்ட இன்றைய செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள் ஒப்பந்தத் தமிழ்த் தொழிலாளரைக் கொண்டு இயங்கின. ஒப்பந்த முறை 1910இல் முடிவுற்று, கங்காணி முறை மேலோங்கிய பின்னர்ப் பெண்களின் வரவு பெருகியது. லயத்துக் கொல்லை என்பது அக்காலத்திலேயே உருப்பெறுகின்றது. பெண் வந்தாள்; அம்மியும் உரலும் வந்தன; கீரை விதையும் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய மூதாட்டியர் முந்தானை முடிச்சில் விதை கொணர்ந்த கதை பினாங்கில் பல குடும்பங்களில் வழங்குகின்றது. என் குடும்பத்திலும் உண்டு. எல்லாக் குடும்பங்களிலும் ஒரே முடிச்சாக இருப்பது வரலாற்று மாணவனுக்குச் சற்று ஐயத்தைத் தருவதே; எனினும் கதை நிலைத்திருப்பதும் ஒரு சான்றுதான்.

விதையைவிட உறுதியான சான்று மொழியில் உள்ளது. மலாய் மொழியில் முருங்கைக்கு ‘கெலோர்’ என்னும் பெயரோடு ‘மெருங்கை’, ‘ரெமுங்கை’ என்னும் பெயர்களும் வழங்குகின்றன. பிலிப்பைன்சில் அது ‘மலுங்கை’. இவை தமிழ்ச்சொல்லோடு உறவுடையன என்பதில் ஐயம் கொள்வதற்கில்லை. லயத்துப் பாட்டிமார் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே முருங்கை கடல் கடந்துவிட்டது.

பதினாறில் ஒரு பங்கு ஏக்கர்

கூட்டு மலாய் மாநிலங்களில் 1920களில் நடப்பிற்கு வந்த தொழிலாளர் சட்டத்தொகுப்பு, தோட்டத்தில் குடும்பத்தோடு தங்கிய ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைப் பயிரிடுவதற்கோ மாடு மேய்ப்பதற்கோ ஒதுக்க வேண்டும் என விதித்தது. சதுர அடியில் கணக்கிட்டால் ஏறத்தாழ 2,700. இன்று ஜோர்ஜ்டவுனில் ஒரு வரிசை வீட்டின் மனை பெரும்பாலும் இதைவிடச் சிறியது. தாளில் பார்க்குமிடத்து அது தாராளமான அளவே.

ஆனால் அச்சட்டத்தின் சொல்லமைப்பை நோக்குதல் வேண்டும். நிலம் ஒதுக்கப்பட்டது, கொடுக்கப்படவில்லை. வேலை உள்ளவரை பாத்தி உண்டு. வேலை போயின் லயத்து வீட்டோடு பாத்தியும் போகும். 1930களின் தொடக்கத்தில் இரப்பர் விலை வீழ்ந்தபொழுது பல்லாயிரவர் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற முருங்கைகளை யார் பறித்தனர் என எவ்வறிக்கையும் கூறவில்லை. 1936ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசின் சார்பில் மலாயா வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், 1937இல் வெளிவந்த தம் அறிக்கையில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாகக் கூலியை மீட்டமைக்கப் பரிந்துரைத்தார். அந்தக் கணக்கில் ஒரு பிடி கீரை எத்தனை காசு பெறும்? பெண்ணின் கூலி பத்துக் காசு குறைவாக மதிக்கப்பட்டது; வெட்டும் நிறுவையும் முடிந்து வீடு திரும்பியபின் அவள் பாத்தியில் செய்த வேலையோ மதிப்பிடப்படவேயில்லை.

லயத்துப் பாத்தியில் என்ன இருந்தது என்பதற்கு என் தாயாரின் நினைவையே சான்றாகக் கொள்கின்றேன். சாக்கடைக்கு அருகில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும். அடுப்புச் சாம்பல் கொட்டிய இடத்தில் முளைக்கீரையும் தண்டுக்கீரையும். குளியலறை நீர் ஓடும் வழியில் பசலைக்கொடி. வேலியாக மலாய்க்காரர் ‘சேக்கூர் மானிஸ்’ என்னும் தவசிக்கீரை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அகத்தி. விதைத்தது பாதி, தானே முளைத்தது பாதி. மணத்தக்காளியைப் பறவைகள் விதைத்தன. உரத்திற்குச் சாணமும் சாம்பலும் அன்றி வேறில்லை. இந்த அமைப்பில் நீர் வீணாகவில்லை, கழிவும் வீணாகவில்லை. இதற்கு இன்று வேறு பெயர்கள் சூட்டப்படுகின்றன.

அகத்திக்கு இரண்டு வாய்கள் உண்டு: ஒன்று மாட்டினது, மற்றொன்று ஏகாதசி நோன்பை மறுநாள் முடிப்பவருடையது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்தவர்க்கு அது பற்றுமரமும் ஆயிற்று. விரைந்து வளர்வது, சில ஆண்டுகளில் முடிந்துவிடுவது. நிலைத்த உரிமை இல்லாதவனுக்குக் கிடைத்த மரம் என்று அதனைக் கூறலாம்.

ஊட்டச்சத்து வரலாற்றிலும் மலாயாத் தமிழர்க்கு ஓர் இடமுண்டு. சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளரிடையே ‘பெரிபெரி’ நோய் பெருகியிருக்க, புழுங்கல் அரிசி உண்ட தமிழரிடையே அது அரிதாகவே காணப்பட்டது. இதனை மருத்துவர் பிராடன் கவனித்து எழுதினார். 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் நோயாளரை இரு பிரிவாக்கி இருவகை அரிசியும் கொடுத்து ஆராய்ந்தார். பின்னர் பிரேசரும் ஸ்டாண்டனும் அதனைத் தொடர்ந்தனர். அரிசியின் தோலடியில் உள்ள உயிர்ச்சத்து கண்டறியப்பட்ட வழியில் இது ஒரு முக்கியப் படி. ஆனால் புழுங்கல் அரிசி எல்லாக் குறையையும் நீக்குவதன்று. மாலைக்கண்ணும் இரத்தசோகையும் இருந்தன; கொக்கிப்புழு அச்சோகையை மேலும் கடுமையாக்கிற்று. அங்கேதான் கீரை வருகின்றது. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநர் அய்க்ராய்ட் 1937இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணை, முருங்கைக்கீரையையும் அகத்தியையும் தண்டுக்கீரையையும் எண்களால் அளந்து காட்டியது. கதவடைத்து உண்ட உணவுக்கு அறிவியல் தந்த முதல் மரியாதைகளுள் அதுவும் ஒன்று.

பச்சையும் வெந்ததும்

இன்று பினாங்கில் ‘சாலட்’ இலைகளை வீட்டில் வளர்ப்போர் பெருகியுள்ளனர். இலையைப் பச்சையாக உண்ணும் வழக்கத்தில் இம்மண்ணின் மூன்று இனத்தாரும் மூன்று வழிகளில் நின்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

மலாய்க்காரர்க்கு ‘உலாம்’ உண்டு. வல்லாரை, ‘உலாம் ராஜா’, ‘காடோக்’ இலை, முந்திரித் தளிர் ஆகியவற்றைப் பச்சையாகவே சம்பலோடு தொட்டுண்பர். பினாங்கின் ‘நாசி உலாம்’ இவ்விலைகளை மெல்லியதாக அரிந்து சோற்றில் கலந்து செய்வது. சீனர் இலையைச் சட்டியில் ஒரு புரட்டாவது புரட்டாமல் உண்பது அரிது. தமிழரும் கீரையைக் கடைந்தோ துவட்டியோ பொரியல் செய்தோ உண்பவர்களே. ஒரு விலக்கு யாழ்ப்பாணத் தமிழர். எழுத்தராகவும் இரயில்வே ஊழியராகவும் மலாயா வந்த அவர்கள் வல்லாரையைப் பச்சையாக அரிந்து தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் எலுமிச்சையும் சேர்த்துச் சம்பல் செய்தனர். மலாய்க்காரரின் ‘கெராபு பெகாகா’வும் அதுவும் அடுத்தடுத்த வீட்டுச் சகோதரிகள் போன்றவை. யாரிடமிருந்து யார் கற்றனர் என வினவுவதில் பயனில்லை. கொடியும் தேங்காயும் இரு கரைகளிலும் இருந்தன.

சந்தைக் கீரையைப் பச்சையாக உண்பதை அந்நாளில் பலரும் அஞ்சினர். நகரைச் சுற்றியிருந்த காய்கறித் தோட்டங்களில் மனிதக் கழிவே உரமாகப் பயன்பட்டது. குடியேற்ற நாட்டு ஐரோப்பியர் சாலட் இலைகளைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த நீரில் அலசிய பின்னரே உண்டனர். ஆகவே பச்சையாக உண்ண வேண்டிய இலை தன் வேலிக்குள் விளைந்ததாக இருத்தல் வேண்டும் என்பது சுவை பற்றிய பேச்சன்று, உயிர் பற்றியது. இன்று கழிவு உரத்தின் இடத்தைப் பூச்சிமருந்து பிடித்துக்கொண்டது. அச்சம் மட்டும் மாறவில்லை.

ஐரோப்பியர் விரும்பிய இலைக்கோசாகிய ‘லெட்டூஸ்’ பினாங்குச் சமவெளிக்கு எளிதில் வயப்படவில்லை. அது குளிர்ச்சியை நாடுவது. வெப்பம் கூடின் குருத்து நீண்டு, பூத்துக் கசந்துவிடும். ஜோர்ஜ்டவுனின் சராசரி வெப்பமோ ஆண்டு முழுவதும் 27, 28 பாகை. அதனால் அவ்விலையைத் தேடி மக்கள் மலையேறினர். லைட்டின் காலத்திலேயே பினாங்கு மலையில் ஸ்டிராபெரி பயிரிட முயன்றனர். அக்குன்றின் பெயரும் அதுவே. கேமரன் மலையில் காய்கறித் தோட்டங்கள் வளர்ந்தபின் மலையிலையே சமவெளித் தட்டுக்கு இறங்கி வரலாயிற்று. முளைக்கீரையோ இந்த வெயிலுக்கென்றே பிறந்தது. சாலட் வேண்டுமென்று விதைப்பொட்டலம் வாங்கி, மூன்று வாரத்தில் கசந்த இலையைக் கண்டு மனம் சோரும் நண்பர்களுக்கு நான் வல்லாரையையும் ‘உலாம் ராஜா’வையும் பரிந்துரைப்பதுண்டு. அயலகப் பட்டம் பெற்றவர் உள்ளூர்க் களையைப் புகழ்கின்றாரே என அவர்கள் நகைப்பர்.

பச்சையாக உண்பது எல்லா இலைக்கும் ஏற்றதன்று என்பதற்கும் வரலாறு உண்டு. 1990களின் நடுவில் தைவானில் உடல் மெலிவதற்காகத் தவசிக்கீரையின் பச்சைச்சாற்றை நாள்தோறும் பருகிய பலர் நுரையீரல் நோய்க்கு ஆளாகினர், உயிரிழப்பும் நேர்ந்தது. நம் பாட்டிமார் அதனை முட்டையோடோ தேங்காயோடோ சமைத்தே உண்டனர். அளவும் அடுப்பும் ஓர் அறிவு என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

போரும் முள்வேலியும்

1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜோர்ஜ்டவுனின் மீது குண்டு வீசின. அம்மாதம் 19ஆம் நாள் ஜப்பானியப் படை தீவில் நுழைந்தது. மலாயா தனக்கு வேண்டிய அரிசியின் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் பெற்றுவந்த நாடு. கப்பல் நின்றதும் சோறும் நின்றது. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. உணவுப் பயிரை வளர்க்குமாறு புதிய ஆட்சியினர் வற்புறுத்தினர். திடலும் சாலையோரமும் பாத்திகளாயின. மரவள்ளி வயிற்றை நிறைக்கும், உடலைப் பேணாது. கிழங்கின் தளிரையும் சர்க்கரைவள்ளியின் தளிரையும் குப்பைக்கீரையையும் வேகவைத்து உண்டவர்களே ஓரளவு தேறினர் என அத்தலைமுறையினர் கூறக் கேட்டிருக்கின்றேன். உப்புத் தட்டுப்பாடும் இருந்தது. உப்பில்லாக் கீரை என்னும் புறநானூற்றுக் காட்சி ஈராயிரம் ஆண்டு கழித்துப் பினாங்கில் மீண்டும் அரங்கேறிற்று. அந்நாளில் கதவை அடைக்கத் தேவையில்லை. எல்லா வீட்டிலும் அதுவே.

போருக்குப் பின்னும் பாத்திக்கு அமைதி கிட்டவில்லை. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960வரை அது நீடித்தது. காட்டுப் போராளிகளுக்கு உணவு செல்வதைத் தடுக்கும் பொருட்டுச் சீனக் குடியானவர்கள் புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். தோட்டத் தொழிலாளரின் லயங்களும் ஒரே இடத்தில் திரட்டப்பட்டு முள்வேலியிடப்பட்டன. வேலிக்கு வெளியே நின்ற பயிர் ஐயத்திற்குரிய பொருளாயிற்று. ஒரு மரவள்ளிப் பாத்தி எதிரிக்கு உதவியதற்கான சான்றாகவும் கொள்ளப்படலாம். என் தாயார் சிறுமியாக இருந்தபொழுது, வேலிக்கு அப்பால் விட்டுவிட நேர்ந்த முருங்கை காய்த்துத் தொங்கியதை இப்பாலிருந்து பார்த்த நினைவை முதுமையிலும் கூறுவார். வேலியைத் தாண்டிச் செல்வதற்குக் குறிப்பிட்ட நேரம் இருந்தது; காய் பறிப்பதற்கென்று நேரம் இல்லை.

1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதனை எதிர்கொள்ளவே துன் வீ. தி. சம்பந்தனார் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் காசு சேர்த்துத் தோட்டத்தை வாங்கலாம் என்னும் அவ்வெண்ணம், பாத்திக்கு உரிமை தேடிய எண்ணமும் ஆகும் என்றே கருதுகின்றேன்.

அடுக்குமாடியும் புவா பாலாவும்

1960களின் இறுதி முதல் ஜோர்ஜ்டவுனில் ஏழையருக்கான உயர்ந்த அடுக்குமாடிகள் எழுந்தன. ஆயர் ஈத்தாம் அருகிலுள்ள ‘ரைபிள் ரேஞ்ச்’ குடியிருப்பு அவற்றுள் பெயர்பெற்றது. அங்கே பாத்தி பிஸ்கட் தகரத்திற்கும் எண்ணெய்த் தகரத்திற்கும் சுருங்கியது. வெயில் ஒரு பக்கம் மட்டும் படும் தாழ்வாரத்தில் முளைக்கீரை மெலிந்து நீளும். புதினாவும் வல்லாரையும் தேறும். 1974இல் துன் அப்துல் ரசாக்கின் அரசு தொடங்கிய பசுமை நூல் திட்டம் வீட்டுப் புறத்தில் காய்கறி பயிரிடுமாறு மக்களை அழைத்தது. நிலம் உள்ளவர்க்கு அது நல்ல அழைப்பு. மறுவாண்டு இயற்றப்பட்ட நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம், 1975, வீட்டில் கொசுப்புழு காணப்படின் தண்டம் விதிக்க வழிசெய்தது. பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீரும் குற்றமாகலாம். டெங்கிக் கொசுவை அறிந்தவர் எவரும் அச்சட்டத்தைக் குறைகூறார். ஆயினும் மாடிவாழ் மூதாட்டி ஒருத்தி ஒரு சட்டத்தின் சொற்படி நடுவதும் மறு சட்டத்திற்கு அஞ்சிப் பிடுங்குவதுமாக நின்ற நிலையை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

பழைய நகரின் கடைவீடுகளில் குறைந்த வாடகையில் தலைமுறைகளாகத் தங்கியிருந்தோரை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காத்துவந்தது. 1997இல் இயற்றப்பட்ட நீக்கச் சட்டத்தின்படி 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் அப்பாதுகாப்பு அகன்றது. பலர் நகரை விட்டு வெளியேறினர். 2008 ஜூலையில் ஜோர்ஜ்டவுன் மலாக்காவுடன் சேர்ந்து உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றபொழுது, கட்டடங்கள் காக்கப்பட்டன. அவற்றின் பின்சந்துகளில் தகரத்தில் வளர்ந்த கறிவேப்பிலை அப்பட்டியலில் இல்லை.

நிலவுரிமைக்கும் பாத்திக்கும் உள்ள உறவை மிகத் தெளிவாகக் காட்டுவது குளுகோர்ப் பகுதியிலிருந்த கம்போங் புவா பாலா. ‘புவா பாலா’ என்பது சாதிக்காய். பிரவுன் குடும்பத்தாரின் தோட்டத்தில் உழைத்த தமிழரின் வழித்தோன்றல்கள் தலைமுறைகளாக அங்கு வாழ்ந்துவந்தனர். நகரின் நடுவே மாடு வளர்த்தனர். பால் கறந்து விற்றனர். மாட்டுப் பொங்கலை உண்மையான மாட்டோடு கொண்டாடினர். மாடிருந்த இடத்தில் அகத்தியும் உண்டு. எருவிருந்த இடத்தில் கீரையும் உண்டு. மரங்கள் வளர்ந்து நின்றன. என் கருத்தின்படி நோக்கின், அது நிலைத்திருப்போம் என நம்பியவர்களின் தோட்டம். ஆனால் நிலப்பட்டா அவர்கள் பெயரில் இல்லை. நிலம் கைமாறி மேம்பாட்டாளரிடம் சென்றது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை நடந்து குடியிருப்பாளருக்கு எதிராக முடிந்தது. 2009இல் வீடுகள் இடிக்கப்பட்டன. இழப்பீடாக இரட்டை மாடி வரிசை வீடுகள் முன்வைக்கப்பட்டன. வீட்டுக்கு வீடு ஈடாகலாம். மாட்டுக்கும் மரத்துக்கும் வரிசை வீட்டில் இடமில்லை. அந்நாளைய அரசியல் வாதங்கள் மிகுதியாக அச்சேறியுள்ளன. அங்கு நின்ற செடிகளின் பட்டியலை எவரேனும் எடுத்து வைத்தனரா என நான் வினவிய இடங்களிலெல்லாம் எனக்குக் கிடைத்தது மௌனமே. நானும் அப்பொழுது எடுக்கவில்லை. ஜோர்ஜ்டவுனிலிருந்து சில கல் தொலைவில் இருந்த ஊர் அது.

தொட்டியில் மீண்ட கீரை

பினாங்கில் வீட்டுத் தோட்டத்தை ஓர் இயக்கமாக எடுத்துச் சென்றதில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்திற்கு முதலிடம் உண்டு. நெடுங்காலம் அதன் தலைவராக விளங்கி 2019இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் அவர்கள், பூச்சிமருந்தில்லா உணவு என்பதை உரிமைப் பிரச்சினையாகவே முன்வைத்தார். சங்கம் மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் எழுதியது. பஞ்சகவ்வியமும் மீன் அமிலமும் செய்யும் முறையைக் கற்பித்தது. பாட்டி சாணத்தையும் சாம்பலையும் கொண்டு செய்ததை, பேத்தி பயிற்சிப் பட்டறையில் குறிப்பெடுத்துக் கற்கின்றாள். இதனை நான் எள்ளலாகக் கூறவில்லை. இடையில் ஒரு தலைமுறை கீரையை வறுமையோடு சேர்த்தே மறக்க விரும்பியது. அவ்விருப்பத்தில் நியாயமும் இருந்தது.

2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிற்கு வந்தபொழுது சந்தைக்குச் செல்வதே அரிதாயிற்று. அந்நாள்களில் பினாங்கு வீடுகளில் தொட்டியும் பையும் பெருகின. ‘காங்கோங்’ தண்டைக் கிள்ளி நீரில் வைத்து வேர்விடச் செய்தனர். சமையலறைக் கொத்தமல்லி விதையை மண்ணில் தூவினர். என் மாணவர் சிலர் இணையவழி வகுப்பில் பாடத்திற்கு முன் தத்தம் தொட்டியைக் காட்டினர். அவர்கள் வளர்த்தவை யாவும் ஒரு மாதத்தில் பறிப்பவை. ஏனெனில் அவர்களுட் பெரும்பாலோர் வாடகை வீட்டினர்.

என் தாயார் இறுதியாண்டுகளில் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி ஒன்றின் பதினோராம் மாடியில் வாழ்ந்தார். தாழ்வாரத்தில் பழைய வாளியொன்றில் முருங்கைக் கிளையை ஊன்றியிருந்தார். வாளியில் முருங்கை மரமாகாது. ஆள் உயரத்தைத் தாண்டும்போதெல்லாம் அதனை ஒடித்துக் கீரையாக்கிவிடுவார், காய்க்க விட்டதில்லை. அவர் மறைந்தபின் வீட்டை ஒப்படைக்கும் நாளில் அவ்வாளியை மகிழுந்தின் பின்னிருக்கையில் வைத்துக் கோலாலம்பூருக்குக் கொண்டுவந்தேன். சொந்த வீட்டின் பின்புறத்தில் மண்ணில் இறக்கி மூன்றாண்டுகளாகின்றன. இப்பொழுது அது கூரையைத் தாண்டிவிட்டது. சென்ற தைத் திங்களில் முதன்முறையாகக் காய்த்தது.